வளைகாப்பு வீட்டில் கேட்ட கேள்வி



சென்ற ஞாயிறு சுபாங் ஜெயாவில் ஒரு வளைகாப்பு. கை நிறைய வளையலும் கையில் ஒரு விளம்பரத் தாளுமாக அந்தப் பெண் என்னருகே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, தொப்புள்கொடி ரத்தத்த சேமிச்சு வைக்கச் சொல்றாங்க. ஐஸ்ல வெச்சா செல்லெல்லாம் செத்துப் போகாதா?"

சரியான கேள்வி. ஃபிரீசரில் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் தொளதொளத்து நீர் விடுகிறதல்லவா? உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகித் திசுவைச் சிதைத்துவிடுகிறது. ரத்தச் செல்லுக்கும் அதே ஆபத்துதான். டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைக் கலந்தால் செல் பிழைக்கும் என்று 1959இல் லவ்லாக், பிஷப் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டார்கள். பெரும்பாலான இடங்களில் இன்றும் அதைத்தான் சுமார் 10 விழுக்காடு கலக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டிக்கு அனுப்புகிறார்கள்.

1988இல் பாரிஸில் ஒரு சிறுவனைக் காப்பாற்றியது அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தம். அமெரிக்காவில் உறையவைத்து, விமானத்தில் கொண்டுபோனது!

ஆனால் உருகிய பிறகு அதே டிஎம்எஸ்ஓ செல்லையே வதைக்கும். உடலில் ஏற்றும்போது குமட்டலும் ரத்த அழுத்த மாற்றமும் வரலாம். மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். அதனால்தான் அதன் அளவைக் குறைத்து, டிரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளை நான் ஆவலோடு கவனிக்கிறேன்.

வைக்கும் இடமும் முக்கியம். 1990களில் லண்டனில் ஒரே தொட்டியின் நைட்ரஜன் வழியே நோயாளிகள் சிலருக்கு ஹெபடைடிஸ் பி பரவியது. அதன் பிறகு பலர் திரவத்தில் அமிழ்த்தாமல், அதன் ஆவியில் வைக்கத் தொடங்கினார்கள். 2023இல் நம் பக்கத்துச் சிங்கப்பூரில், ஒரு தனியார் தொப்புள்கொடி ரத்த வங்கியின் 22 தொட்டிகளில் 7இல் குளிர் குறைந்துபோன செய்தி வந்தது. எத்தனை பெற்றோரின் நம்பிக்கை அது! எனக்கு அன்றிரவு தூக்கமில்லை.

அவளிடம் சொன்னேன்: "தலசீமியா மாதிரி பரம்பரை நோய்க்குப் பிள்ளையோட சொந்த ரத்தம் உதவாதும்மா, அதுலயும் அதே குறைதான் இருக்கும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குப் பொருந்தினா உதவலாம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, தொட்டியோட வெப்பநிலைப் பதிவைக் காட்டுவாங்களான்னு கேளு. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சா யார் ஓடி வருவாங்கன்னும் கேளு. உருக்கின பிறகு எத்தனை செல் உயிரோட இருக்குன்னு சோதிச்சுப் பாத்திருக்காங்களா?"

வளையல் குலுங்க, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே மூன்றையும் எழுதிக்கொண்டாள்.

அன்புடன்,
ஆசிரியர்