ஆட்ட அட்டவணையும் அபிமானிகளின் கவலையும்

விளையாட்டைப்பற்றிக் கலாசாலைச் சஞ்சிகையில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் தேகாப்பியாசத்தின் நன்மைகளை எடுத்துரைத்து முடிப்பதே வழக்கம். நாம் இங்கு எடுத்துக்கொண்ட விஷயமோ பந்தாடுவோரைப் பற்றியதன்று. பந்தாட்டத்தைக் காண்போரைப் பற்றியது. ஒரு கால்பந்துக் கோஷ்டியின்பால் அபிமானம் பூண்டோர், அடுத்து வரும் பருவத்தின் அட்டவணை வெளிவந்தவுடனே அதனைக் கையிற் கொண்டு, இவ்வாட்டம் நமக்கு, அவ்வாட்டம் அவர்களுக்கு, மற்றொன்று ஐயத்துக்கிடமானது என்று வகுத்து, வெற்றிக்கு 3 புள்ளியும் சமநிலைக்கு 1 புள்ளியுமாகக் கூட்டிப் பார்த்து, ஒரு பந்தும் உதைபடுமுன்னரே மகிழ்வதும் வருந்துவதும் உண்டு. இதனை வீண் பேச்சென்று இகழ்வாரும் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. அவர்களுடைய கவலையில் நியாயமானது எது, நியாயமற்றது எது என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விஷயத்தை ஆராய்தற்கு நெய்வேலி நகரியம் மிகவும் ஏற்ற இடம். ஏனெனில், அட்டவணையின் அருமையை அங்குள்ளார்போல் அறிந்தவர் அரியர். பழுப்பு நிலக்கரியின் பொருட்டு 1957-ல் அங்கே அகழ்தல் தொடங்கிற்று. 1962-ல் அதனைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கலாயினர். அந்நிலக்கரிப் படுகையின் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நீர் நிற்கின்றது. அதனை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இராவிடின் சுரங்கத்தின் அடித்தளம் உடைந்து நீர் மேலெழும். ஆகவே அங்கே ஓய்வென்பது இயந்திரத்துக்கு இல்லை. மனிதர்க்கு மட்டுமே முறை வைத்து உண்டு. வட்டங்களாக எண்ணிட்டு வகுக்கப்பட்ட அந்நகரியத்தில் எவ்வீட்டை நோக்கினும், இவ்வாரம் பகல் ஷிப்டா, இரவு ஷிப்டா என்பதை வைத்தே கலியாணத்துக்குப் போவதும் பந்தயம் பார்ப்பதும் நிச்சயிக்கப்படுகின்றன.

நெய்வேலியிலிருந்து சென்னை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம். பண்ணுருட்டி, விழுப்புரம் வழியாக அங்கே சென்று இரவு ஆட்டம் கண்டு திரும்புவோர் மறுநாள் விடியற்கால ஷிப்டுக்கு வருவது எளிதன்று. ஆதலின், 2014-ல் தோன்றிய 'சென்னையின் எப்.சி.' என்னும் கழகத்தினிடம் அன்பு வைத்த தொழிலாளி, ஆட்ட அட்டவணையையும் ஷிப்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே வாசிக்க வேண்டியவனாகின்றான். தேநீர்க் கடையிலும் பாரதி விளையாட்டரங்கின் ஓரத்திலும் நிகழும் தர்க்கங்களுக்கு மூலகாரணம் இதுவே.

அத்தர்க்கங்களில் அடிக்கடி எழும் குறைகள் மூன்று. முதலாவது, பருவத்தின் தொடக்கத்திலேயே வலிய கோஷ்டிகளை எதிர்க்க நேர்வது. இரண்டாவது, அயல் மைதானங்களில் தொடர்ச்சியாக ஆடும்படி வருவது. மூன்றாவது, குவஹாத்தி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா முதலிய தூர நகரங்களுக்குச் சென்று போதிய ஓய்வின்றி மீள்வது. இவற்றுள் மூன்றாவது முற்றிலும் நியாயமானதே. பிரயாண அலுப்பு என்பது கற்பனையன்று. தசைப்பிடிப்பும் காயமும் ஓய்வின்மையால் மிகுகின்றன என்பதை ஆட்டம் கற்பிப்போர் யாவரும் அறிவர்.

முதலிரண்டு குறைகளையும் சிறிது கணக்கிட்டு நோக்குதல் நலம். லீக் என்னும் முறையில் ஒவ்வொரு கோஷ்டியும் மற்றெல்லாக் கோஷ்டிகளையும் சந்திக்கின்றது. ஒருமுறை சொந்த மைதானத்திலும் ஒருமுறை அயல் மைதானத்திலுமாக இரு சுற்றுக்கள் நிகழுமாயின், மொத்தத்தில் எல்லார்க்கும் பாரம் ஏறக்குறைய ஒன்றே. இன்று வலியோனைக் கண்டால் நாளை எளியோனைக் காண்பது உறுதி. வரிசை மாறலாமன்றிக் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் ஒரே சுற்றாயின் அச்சமன்பாடு கெட்டுவிடுகின்றது. 2025-26 பருவத்துக்கு இந்தியன் சூப்பர் லீக் அவ்வாறு சுருக்கி வகுக்கப்பட்டது: 14 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 13 ஆட்டங்கள், ஆக மொத்தம் 91. பதின்மூன்றைச் சரிபாதியாகப் பகுக்க எவராலும் இயலாது. வலிய எதிரியைத் தன் ஊரில் காணும் பேறு ஒருவர்க்குக் கிட்டின், மற்றவர்க்கு அது கிட்டாமலே பருவம் முடியும். இவ்வளவில் அபிமானிகளின் முறையீடு ஏற்கத்தக்கதேயாம்.

எனினும், அட்டவணையே தலைவிதி என்று எண்ணுவோர்க்குச் சென்னையின் சரித்திரமே விடை கூறும். 2015 டிசம்பரில் பெருமழையால் சென்னை மூழ்கிற்று. அரையிறுதியின் முதல் ஆட்டத்தைத் தம் ஊரில் நடத்த இயலாமையால் அது புனே நகருக்கு மாற்றப்பட்டது. சொந்த மைதானத்தை இழந்த அக்கோஷ்டியார் அங்கே அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என வென்றனர். கொல்கத்தாவில் 1-2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் முன்னேறினர். டிசம்பர் 20-ல் கோவாவில், கோவாக் கோஷ்டியையே எதிர்த்து, ஆட்டம் முடியும் தறுவாயில் 1-2 எனப் பின்தங்கியிருந்தும் 3-2 என ஜயித்துக் கோப்பையைக் கொணர்ந்தனர். மீண்டும் 2018 மார்ச்சு 17-ல் பெங்களூரு சென்று, பெங்களூருக் கோஷ்டியை அவர்தம் ஜனத்திரளின் நடுவிலேயே 3-2 என வென்றனர். ஆக, இரு கோப்பைகளும் எதிரியின் மைதானத்திலேயே பெறப்பட்டன. அயல் மைதானம் என்றவுடனே அஞ்சுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இதற்கு மறுதலையும் உண்டு. கோப்பையை வென்ற அதே கழகம் அடுத்த பருவமாகிய 2018-19-ல் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி பெற்று, 9 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் நின்றது. அதற்கடுத்த பருவத்திலும் தொடக்கம் தாழ்வாகவே இருந்தது. ஜான் கிரகரி விலக, 2019 டிசம்பரில் ஓவன் காய்ல் பயிற்சியாளராக வந்தார். கோஷ்டி நான்காம் இடத்துக்கு உயர்ந்து இறுதி ஆட்டம் வரை சென்றது. கொடுநோய் பரவத் தொடங்கிய 2020 மார்ச்சு 14-ல், பார்ப்பவர் ஒருவருமில்லாத கோவா அரங்கில் 1-3 எனத் தோற்றது. எதிரிகளின் வரிசையைக்கொண்டு பருவத்தின் முடிவை முன்னரே எழுதிவைத்தவர் இவ்விரண்டு ஆண்டுகளிலும் ஏமாந்திருப்பர் என்பது திண்ணம்.

அங்ஙனமாயின் அபிமானிகள் கவலைப்படவேண்டியது யாதொன்றும் இல்லையோ எனின், உண்டு. கடினமான அட்டவணைக்கு அவர்கள் கவலைப்பட வேண்டுவதில்லை. அட்டவணையே இல்லாமற் போவதற்கே கவலைப்பட வேண்டும்.

லீக் என்னும் ஏற்பாடு பிறந்த காரணத்தை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தில் கால்பந்துக் கழகங்கள் தத்தம் விருப்பப்படி பந்தயங்களை ஏற்பதும் கடைசி நாளில் கைவிடுவதுமாக இருந்தன. நுழைவுக் கட்டணத்துடன் வந்தோர் மனம் நொந்து திரும்பினர். ஆட்டக்காரர்க்குச் சம்பளம் கொடுப்பதும் அரிதாயிற்று. இதனைக் கண்டு வருந்திய வில்லியம் மக்கிரகர் என்பார், ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சார்ந்தவர், 1888 மார்ச்சு மாதத்தில் சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஒருவரையொருவர் இரு மைதானங்களிலும் தவறாது சந்திப்பதென்று முன்னரே நிச்சயித்துக்கொள்வோம் என்பதே அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பரில் 12 கழகங்களுடன் லீக் தொடங்கிற்று. உலகெங்கும் இன்று வழங்கும் லீக்குகளுக்கெல்லாம் தாய் அதுவே. ஆகவே கோப்பையும் புள்ளியும் பின்னர் வந்தவை. மாறாத அட்டவணையே லீக்கின் உயிர் என்க.

நம் நாட்டிலோ 2025-ல் அவ்வுயிரே ஊசலாடிற்று. லீக்கை நடத்துவோர்க்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் 2010-ல் ஏற்பட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிவெய்துவதாயிருந்தது. அதனைப் புதுப்பிப்பது எவ்வாறென்று தீராமையால், அவ்வாண்டு ஜூலையிலேயே அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் பெங்களூருக் கழகம் முதற்கோஷ்டியாரின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னைக் கழகமும் தன் அலுவல்களை இடைநிறுத்தியது. பின்னர் உரிமையை ஏற்று நடத்த முன்வருவாரை அழைத்தபோது ஒருவரும் வரவில்லை. மத்திய விளையாட்டு மந்திரி 2026 ஜனவரியில் அறிவித்த பின்னரே, பெப்ரவரி 14-ந் தேதி, முன்னர்க் கூறிய ஒற்றைச் சுற்றாக லீக் தொடங்கிற்று.

இவ்விடைக்காலத்தில் துன்புற்றவர் யார்? பெயர் பெற்ற ஆட்டக்காரர் சிலர் வேறிடம் தேடிக்கொள்ளலாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல் ஒப்பந்தத்தை எதிர்நோக்கி நிற்கும் இளைஞன் எங்குச் செல்வான்? பந்தாட்டக்காரனுடைய தொழிற்காலம் மிகக் குறுகியது. அதில் ஆறேழு மாதம் வீணாவது மற்றத் தொழிலில் பல வருஷம் வீணாவதற்கொப்பாகும். புல்லைப் பேணுவோன், உடைகளை வெளுப்போன், காயத்துக்குக் கட்டுக் கட்டுவோன், அரங்கின் வாயிலில் கடலை விற்போன் ஆகிய இவர்களுடைய ஜீவனமும் அவ்வட்டவணையிலேயே தொங்குகின்றது. இவர்கள் பெயர் எப்பத்திரிகையிலும் வாரா.

பெண்கள் ஆட்டத்தை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். நெய்வேலி அமைந்த கடலூர் ஜில்லா இந்துமதி கதிரேசன் போன்றாரை இந்தியக் கோஷ்டிக்கு அளித்துள்ளது. மதுரையின் சேது எப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கில் முதன்மை பெற்றது. ஆனால் அவ்வாண்டின் லீக் முழுவதும் லூதியானா என்னும் ஒரே ஊரில் மூன்று வாரங்களுக்குள் முடிந்துபோயிற்று. வென்ற கோஷ்டியைத் தம் ஊர் மைதானத்தில் காணும் பாக்கியம் மதுரையார்க்கு இல்லை. 2023-24 பருவத்திலேதான் சொந்த மைதானமும் அயல் மைதானமுமாக அந்த லீக் ஏழு கழகங்களுடன் நடந்தது. ஆண்கள் கோஷ்டியின் அட்டவணை கடினமென்று வருந்தும் நம்மவர், அத்தகைய கடினமான அட்டவணைக்காகப் பல ஆண்டு ஏங்கியிருந்த பெண்களையும் நினைத்தல் தகும்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. எளிய அட்டவணையை நாம் கேட்க வேண்டாம். உறுதியான அட்டவணையைக் கேட்போமாக. பருவம் தொடங்குமுன் இரண்டு மாதமேனும் கழியும்படி அது வெளியிடப்பட வேண்டும். வெள்ளம், நோய் போன்ற பெருங்காரணமின்றி மாற்றப்படலாகாது. ஒற்றைச் சுற்று நெருக்கடிக்குச் செய்த பரிகாரமாக நிற்க வேண்டுமேயன்றி, வழக்கமாகிவிடலாகாது. தூரப் பிரயாணத்துக்குப்பின் ஓய்வு நாட்கள் குறைந்த அளவேனும் விதிக்கப்பட வேண்டும். ஒலிபரப்புவோர்க்கு வசதியான நேரம் எது என்று ஆராய்வோர், தூர ஊரிலிருந்து வந்து இரவோடிரவாகத் திரும்பவேண்டிய தொழிலாளியையும் ஒரு கணம் நினைப்பாராயின் நன்று.

இவற்றைக் கேட்பதற்கு அபிமானிகளுக்கு உரிமை உண்டோ எனின், மிகவும் உண்டு. நுழைவுச் சீட்டு வாங்குவோரும் மழையில் நனைந்து கோஷமிடுவோரும் அவர்களே. ஆனால் உரிமையுடன் கடமையும் உடன்வரும். வலிய எதிரி வரும் நாளில் மட்டும் அரங்கை நிரப்பி, எளிய எதிரி வரும் நாளில் வீட்டிலிருப்போன் அட்டவணையைக் குறைகூறத் தகுதியற்றவன். மூன்று ஆட்டம் தோற்றவுடன் ஆட்டக்காரரை வசைபாடுவோனும் அத்தகையவனே. 2019-ல் தாழ்ந்து கிடந்த கோஷ்டியைக் கைவிடாதவரே 2020-ல் அதன் எழுச்சியைக் கண்டு மகிழும் தகுதி பெற்றனர்.

மாணாக்கராகிய நம் இளைஞர்க்கும் இதனாற் பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. பரீட்சை அட்டவணை வெளிவந்த நாளில், கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் இடையே ஒருநாள் கூட இல்லையே என்று பெருமூச்சு விடாதார் நம்முள் யார்? அதற்காகப் பரீட்சையே வேண்டாமென்று எவரும் சொல்லார். குறிக்கப்பட்ட நாளில், குறிக்கப்பட்ட இடத்தில், எவ்வெதிரியாயினும் வந்து நிற்போம் என்னும் உடன்பாடே பந்தாட்டத்துக்கும் படிப்புக்கும் தொழிலுக்கும் பொதுவான அடிப்படை. நெய்வேலித் தொழிலாளி தன் ஷிப்டை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. வந்த முறையை ஏற்று வேலை செய்கின்றான். அம்முறை தவறாது வரும் என்ற நம்பிக்கையிலேயே அவன் குடும்பம் வாழ்கின்றது. ஆட்டத்தை நடத்துவோர் அந்நம்பிக்கையை ஆட்டக்காரர்க்கும் காண்போர்க்கும் அளிப்பாராக. அதன்பின் எத்துணைக் கடினமான அட்டவணை வரினும், அதனை அலசி ஆராய்ந்து தர்க்கித்து மகிழ அபிமானிகள் என்றும் ஆயத்தமாகவே இருப்பர்.