சந்தையில் நீதி

வாங்குவோன் ஏமாற்றப்படாமலும் சிறு வணிகன் நசுக்கப்படாமலும் காப்பது அரசின் கடன்களுள் ஒன்று என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயின், அக்காவல் யாரை நோக்கி விழித்திருக்கின்றது, யாரைக் கண்டு கண்மூடுகின்றது என்பதே கேள்வி. கல்லூரி மலரொன்றில் இப்பொருளுக்கு என்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். எம்முட் பலர் வணிகரின் மக்கள்; பலர் தோட்டக்காரரின் மக்கள்; எல்லோரும் பாவனையாளர். ஆகவே இஃது எம் வீட்டுப் பொருளேயாம்.

1979ஆம் ஆண்டிற் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டமும், 1987ஆம் ஆண்டில் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பெற்றன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இவ்விரண்டையும் நீக்கிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை நிறுவியது. குறித்த விலைக்கு மேல் விற்றல், இருப்பை வைத்துக்கொண்டே இல்லையென்றல், பதுக்கல், பொய்யுரைத்து விற்றல் ஆகியன குற்றங்களாயின. விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைத்தலும், கேட்போருக்குப் பற்றுச்சீட்டு வழங்கலும் வணிகரின் கடமைகளாயின. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச விலையை மீறுவோருக்கான தண்டத்தைப் பன்மடங்கு உயர்த்தியது.

இவை யாவும் வேண்டற்பாலனவே. எனினும் ஒரு பெருங்குறை உண்டு. தனியுரிமை வணிகத்தையும், பெரு நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கி ஒன்றாதலையும் ஆராயும் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் ஆணைக்குழுவுக்கு இருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வதிகாரத்தைக் கைவிட்டது; போட்டியைக் குலைக்கும் செயல்களை விசாரிக்கும் அதிகாரம் மட்டுமே எஞ்சியது. சிறு கடைக்காரனைத் தண்டிக்கும் கை நீண்டது. பெருமுதலாளியைத் தடுக்கும் கை குறுகியது.

இதன் விளைவை அரிசியிற் காண்கின்றோம். 2021 செப்டெம்பரில் அரிசிக்கு உச்ச விலை விதித்த அரசு, அம்மாதம் முடியுமுன்னரே அதனை விலக்கிக்கொண்டது. 2024 டிசெம்பரில் நாட்டரிசியின் சில்லறை விலை கிலோ 230 ரூபா என மீண்டும் கட்டளை பிறந்தது. ஆலையிலிருந்து வரும் அரிசி கட்டுப்பாட்டு விலைக்குக் கிடையாதபோது ஊர்க்கடைக்காரன் யாது செய்வான்? சட்டத்தை மீறுவான், அன்றேல் அரிசி விற்பதை நிறுத்துவான். எவ்வாறாயினும் உலை வைக்கும் வீடே துன்புறும். பலர் போட்டியிட்டு விற்கும் சந்தையில் விலை தானே அடங்கும். சிலர் பிடியிலுள்ள சந்தையில் வர்த்தமானியால் மட்டும் அதனை அடக்கவியலாது.

சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், அரசின் கை படாதிருத்தலே நன்று என்போர் உளர். வணிகச் சுதந்திரத்தைப் பெரிதும் போற்றும் அமெரிக்காவே 1890ஆம் ஆண்டில் தனியுரிமைக்கு எதிராகச் சட்டம் இயற்றியதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. அயல்நாடாகிய இந்தியாவும் 2002ஆம் ஆண்டிற் போட்டிச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலியின்றிப் பயிர் நில்லாதவாறு காவலின்றிப் போட்டியும் நில்லாது.

எமது குடாநாட்டுக்கு வருவோம். வலிகாமத்துச் செம்மண்ணில் நீரிறைத்து விளைவித்த மரக்கறியைச் சந்தைக்குக் கொணரும் தோட்டக்காரனிடம் ‘கழிவு’ என்னும் பெயரால் நூற்றுக்குப் பத்துக் கிலோவைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் பற்றி நெடுங்காலமாக முறைப்பாடு உண்டு. மண், வாடல், அழுகல் என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். வெங்காயத்தில் மண் இருக்கலாம். பூசணிக்காயில் எத்துணை மண் இருக்கும்? வியாபாரிகள் அனைவரும் ஒரே அளவாகக் கழிக்கும்போது அவன் வேறு எவரிடம் செல்வான்? போட்டியின்மை என்பது கொழும்புக் கம்பனிகளுக்கு மட்டும் உரியதன்று. எமது சந்தைத் திண்ணையிலும் அஃது உண்டு. பாவனையாளர் சட்டத்தின் கண்ணுக்கோ தோட்டக்காரன் பாவனையாளன் அல்லன், விற்போன். எனவே அவன் குறை எவர் மடியிலும் விழுவதில்லை.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. சந்தைகள் பிரதேச சபைகளின் பொறுப்பில் உள்ளன. கழிவு எடுத்தலாகாது, முத்திரையிட்ட தராசிலே நிறுத்துப் பற்றுச்சீட்டு வழங்கல் வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கி, மீறுவோரின் இடத்தை மீளப்பெறச் சபைகள் துணிதல் வேண்டும். போட்டி குன்றிய இடத்திற் போட்டியை உண்டாக்கும் வழியையும் எம் முன்னோர் காட்டிச் சென்றனர். அதுவே கூட்டுறவு. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீரசிங்கம் அவர்கள் கூட்டுறவுக்கு ஆற்றிய தொண்டை யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம் இன்றும் நினைவூட்டுகின்றது. நேர்மையாய் நிறுக்கும் சங்கக்கடை ஒன்று ஊரில் இருப்பின், அயலிலுள்ள தராசுகளும் நேர்ப்படும்.

கொழும்பில் புதுச்சட்டம் கேட்கும் குரலை உயர்த்துதல் எமது பழைய மாணவருட் சட்டம் கற்றோரின் கடன். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குதலும், குறை கண்டவிடத்துக் காலந்தாழ்த்தாது எழுத்தில் முறையிடுதலும் எம் எல்லோருடைய கடன். முறைப்பாடு வாராத அலுவலகம் உறங்குமாயின் அப்பழியில் எமக்கும் பங்குண்டு.

வாங்கும்போது மிகையாக எடாமலும் விற்கும்போது குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. அப்பாட்டை வகுப்பறையிற் படித்து மகிழும் நாம், சந்தையில் பத்து வீதம் கழிவதைப் பார்த்து வாளாவிருத்தல் கற்ற கல்விக்கு அழகன்று.