மூன்றாவது அணுவுக்கும் ஒரு பங்கு

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துப் பேன்சி வெடிகளில் மஞ்சள் ஒளியைத் தருவது சோடியம். அதே சோடிய அணுக்களை, அதே மஞ்சள் நிற லேசரால் குளிரவைத்து, பொட்டாசிய அணுக்களோடு கலந்து ஆராய்கிறது பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம். இதனால் நமக்கென்ன என்று வரிகட்டுகிறவர் கேட்பது நியாயம்தான். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒதுக்கீடு ஏறத்தாழ 6,003 கோடி ரூபாய். கணினி, தகவல் தொடர்பு, உணர்கருவி என்று பயன் தெரிந்த இலக்குகளே அதில் முன்னிற்கின்றன. பயன் இன்னதென்று இன்று சொல்ல முடியாத ஆய்வுக்கும் அதில் நிலையான பங்கு வேண்டும் என்பது என் கட்சி.

அத்தகைய ஆய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு: சோவியத் இயற்பியலாளர் விட்டாலி எஃபிமோவ் 1970-இல் ஒரு விசித்திரத்தைக் கணக்கிட்டார். இரண்டாகச் சேர்ந்து நிற்க முடியாத துகள்கள், மூன்றாவது ஒன்று வந்தால் சேர்ந்து நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று சாய்த்த மூன்று கழிகளைப் போல, எதை உருவினாலும் மீதி இரண்டும் பிரிந்துவிடும். அத்தகைய கூட்டுகள் ஒன்றைவிட ஒன்று 22.7 மடங்கு பெரிதாக அடுக்கடுக்காக வரும் என்றார். நம்பியவர்கள் குறைவு. 36 ஆண்டு கழித்து, 2006-இல், இன்ஸ்புரூக்கில் ருடால்ஃப் கிரிம் குழு சீசிய வாயுவில் அதன் தடயத்தைக் கண்டது: காந்தப்புலத்தைத் திருகிக்கொண்டே போனால், குறிப்பிட்ட ஓர் அளவில் அணுக்கள் மும்மூன்றாக மோதி, அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் பொறியை விட்டு வெளியேறுவது திடீரென்று கூடுகிறது. அந்த எகிறல்தான் ஒத்ததிர்வு. ஆனால் அடுத்த கூட்டு 22.7 மடங்கு பெரிது; அதைப் பார்க்க இன்னும் கடுங்குளிர் வேண்டும். வழி காட்டியது கலவை. கனத்த சீசியம் இரண்டோடு லேசான லித்தியம் ஒன்று சேர்ந்தால் மடங்கு ஐந்துக்குள் சுருங்கிவிடும். 2014-இல் சிகாகோ, ஹைடல்பர்க் குழுக்கள் அடுத்தடுத்த ஒத்ததிர்வுகளைப் பார்த்தன. இந்தியர்களும் ஒதுங்கி நிற்கவில்லை. டாடா ஆய்வு நிறுவனத்தின் இந்திரானில் மஜும்தாரும், அவரோடு சேர்ந்து பாசின், ஏ.ஆர்.பி. ராவ் இருவரும் கார்பன்-20 அணுக்கருவில் இத்தகைய ஒத்ததிர்வை 2006-இலேயே கணக்கிட்டார்கள்.

பட்டாசு ஆலை வெடித்து ஆள் சாகும் ஊரில் இது ஆடம்பரம் என்பார்கள். அறைக்குள் அளவுமீறி ஆளையும் மருந்தையும் அடைப்பதும், உள்குத்தகைக்கு விடுவதும், பார்த்தும் பாராத சோதனையும் ஆய்வுக்கூடத்துப் பணத்தை நிறுத்தினால் தீரப்போவதில்லை. மாறாக, வெடிக்குப் பச்சை ஒளி தரும் பேரிய உப்பின் கதையைப் பாருங்கள். பேரியத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடுத்த பிறகுதான் மாற்றுக் கலவை பெரிய பேச்சானது. 2023-லும் பேரியத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. நெருக்கடி வந்தபின் தேடும் அறிவியல் அரைகுறையாகவே கைக்கு வருகிறது. வெளிநாட்டார் கண்டதைப் படித்துக்கொள்ளலாமே என்றால், படித்துப் புரிந்துகொள்ளவும் பழகிய ஆட்கள் வேண்டும். லேசரையும் வெற்றிடத்தையும் காந்தப்புலத்தையும் கையாளத் தெரிந்த அவர்களைத்தான் அணுக்கடிகாரம் செய்கிறவர்களும் தேடுகிறார்கள். எஃபிமோவ் கூட்டிலிருந்து நாளைக்கே ஒரு கருவி வரும் என்று நான் சொல்லவில்லை. மூன்று துகள்களைப் பற்றிய இந்த மூவுடல் கணக்குக்குப் பெருஞ்செலவும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் இயற்பியல் துறைகளுக்கு, ஆண்டுதோறும் பலன் கேட்காத சில ஆய்வு இடங்களைத் தேசிய குவாண்டம் திட்டமே தரலாம்.