ஒன்பது மணிக்கு மூடும் காடு

வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போவது பழைய வழக்கம். வீட்டையே ஓட்டிக்கொண்டு போகும் ஆசை பெங்களூரைப் பிடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே அடங்கிய வண்டிகளை லக்ஸ்கேம்பர் என்ற பெங்களூர் நிறுவனம் 2020-ல் வாடகைக்கு இறக்கியது. வேனைப் பட்டறையில் விட்டுத் தாங்களே மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் ஓட்டும் லைசென்ஸே போதும். அதைத் தாண்டினால் கைதேர்ந்த டிரைவர் வேண்டும்.

இப்படியொரு வண்டியில், நீலகிரி வழியாகக் கன்னியாகுமரி வரை பத்து நாள் என்று கிளம்பும் நான்கு நண்பர்களின் முதல் நாள் எப்படிப் போகும்? பெங்களூரிலிருந்து ஊட்டி சுமார் 270 கிலோமீட்டர். காரில் ஆறேழு மணி நேரம். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாடு ஊட்டியில் என்பது கணக்கு. கிளம்பும்போது மணி பத்தரை. ஒருவருக்கு ஆபீஸில் கடைசி நேர வேலை, இன்னொருவர் கொண்டுவந்த மூன்று பெட்டிகளுக்கு அலமாரியில் இடமில்லை. நைஸ் ரோட்டைப் பிடிப்பதற்குள் பெயின்ட் அடிக்காத ஒரு ஸ்பீட் பிரேக்கர் வருகிறது. அலமாரிக் கதவு திறந்து சாம்பார்பொடி டப்பா தரையில் உருள்கிறது. வீட்டில் வைத்த இடத்தில் இருக்கும் சாமான்களுக்கெல்லாம் வண்டியில் கால் முளைத்துவிடும். ஒவ்வொரு கதவுக்கும் கொக்கி மாட்டிய பிறகே நகர வேண்டும் என்ற முதல் பாடம் மிளகாய் நெடியோடு வருகிறது.

மைசூர் எக்ஸ்பிரஸ்வே 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து டூவீலர், ஆட்டோ, டிராக்டர்களுக்கு அதில் இடமில்லை. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா என்று ஊர்களையெல்லாம் பைபாஸில் ஒதுக்கிவிட்டுச் சாலை நேராக ஓடுகிறது. அவசரக்காரர்களுக்கு வரம்தான். மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்துக் கடைக்காரர்களும் மத்தூரின் ஓட்டல்காரர்களும் வியாபாரம் படுத்துவிட்டதாகப் புலம்பினார்கள். ஊர் பார்க்கக் கிளம்பிய வீட்டு வண்டிக்கு எக்ஸ்பிரஸ்வேயில் பார்க்க ஊரே இல்லை. மத்தூரில் கீழே இறங்கி வடை சாப்பிடுகிறார்கள். 1917-ல் ரயில் நிலையத்தில் ராமச்சந்திர புத்யா விற்கத் தொடங்கியதாகச் சொல்லப்படும், வெங்காயமும் ரவையும் சேர்ந்த தட்டை வடை அது. "அடுப்பு வண்டியிலேயே இருக்கு, வெளியில எதுக்குடா காசு?" என்று ஒருவர் முணுமுணுத்தாலும் இரண்டாவது தட்டு அவருக்குத்தான் போகிறது.

மைசூரில் தண்ணீர்ப் பிரச்னை தலைதூக்குகிறது. ஆளுக்கு இரண்டு வாளி, வாளிக்கு 15 லிட்டர் என்று வைத்தாலே நான்கு பேர் குளிக்க 120 லிட்டர் வேண்டும். பாத்திரம் கழுவவும் கக்கூஸுக்கும் தனி. காலையில் ஒருவர் வீட்டு நினைப்பில் ஷவரைத் திறந்துவிட்டு நின்றதில் டாங்க் பாதியாகிவிட்டது. முதல் மனத்தாங்கல் அங்கேதான். பத்து வருஷப் பழக்கத்தில் பணத்துக்காகக்கூட முகம் சுளித்துக்கொள்ளாதவர்கள் தண்ணீருக்காகச் சுளிக்கிறார்கள். ஒரு பெட்ரோல் பங்கில், "அண்ணா, ஸ்வல்ப நீரு பேக்கு" என்று கன்னடத்தில் கெஞ்சி, டீசலும் போட்டுக்கொண்ட பிறகு ஹோஸ் பைப் கிடைக்கிறது. சாமுண்டி மலை, காபி எல்லாம் முடிந்து குண்டுலுபேட்டை சாலையில் திரும்பும்போது மணி ஆறே முக்கால்.

வண்டியிலேயே தூங்கிக்கொண்டு தேசம் தாண்டுவது புதிய சங்கதி அல்ல. 1957 ஏப்ரல் 15-ல் 20 பயணிகளோடு லண்டனில் புறப்பட்ட 'இண்டியாமேன்' பஸ் ஜூன் 5-ல் கல்கத்தா வந்து சேர்ந்தது. பிறகு ஜெர்மனியின் ரோட்டல் நிறுவனம் பஸ்ஸோடு அடுக்குப் படுக்கைகளையும் இழுத்துக்கொண்டு இந்தியாவரை வந்தது. 1979-ல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையும் அந்தத் தரைவழியை அடைத்தன. அவர்களுக்கு எல்லைச் சாவடிதான் தலைவலி. பெங்களூர் நண்பர்களுக்குத் தலைவலி பந்திப்பூர் சோதனைச் சாவடி.

நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதம் வந்த இ-பாஸை மறக்காமல் போனில் எடுத்துவிட்டார்கள். மறந்தது ஒன்பது மணியை. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளை இரவு 9 முதல் காலை 6 வரை மூட சாம்ராஜ்நகர் மாவட்ட நிர்வாகம் 2009-ல் உத்தரவிட்டது. 2010-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆம்புலன்ஸுக்கும் ஒருசில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. இரவில் லாரிகளில் அடிபட்டு விலங்குகள் செத்ததுதான் காரணம். கேரளத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு. 2019-ல் சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதமே நடந்தது. தமிழ்நாட்டிலும் 2022 பிப்ரவரியில் திம்பம் மலைப்பாதை இரவில் மூடப்பட்டபோது இதே கூக்குரல். யானையும் புலியும் நடமாட இரவில் ஒன்பது மணி நேரம் கேட்பது அதிகமில்லை.

குண்டுலுபேட்டையில் மணி எட்டேகால். நண்பர்களுக்குள் விவாதம். "இருபது நிமிஷத்தில் கேட்டைத் தாண்டிடலாம், மச்சான்" என்கிறார் ஒருவர். தாண்டலாம்தான். அதற்கப்பால் பந்திப்பூர், தமிழக எல்லையான கக்கநல்லா, முதுமலை, தொரப்பள்ளி என்று அடுத்தடுத்துக் காடு. நடுவில் நிறுத்த முடியாது, இறங்க முடியாது. பிறகு கூடலூர் மலையேற்றம். இருட்டில், முன்பின் பழகாத வளைவுகளில், அசைந்து ஆடும் வீட்டோடு. மசினகுடி கல்லட்டி வழி கிட்டத்தானே என்று மேப்பைக் காட்டுகிறார் இன்னொருவர். 36 கொண்டை ஊசி வளைவு அது. ஸ்டீயரிங்கில் இருப்பவர் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். விவாதம் முடிந்தது.

அடுத்த கேள்விக்குத்தான் பதில் இல்லை. எங்கே நிறுத்துவது? கேரவன் வண்டிகளுக்கும் அவை தங்கும் பூங்காக்களுக்குமான கொள்கையை மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-லேயே வகுத்தது. 2020-ல் வந்த கர்நாடகச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் இடம்பெற்றது. கேரளம் 2021-ல் அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் ஒரு பூங்காவும் திறந்தது. ஆனால் சாதாரண நெடுஞ்சாலையில், இருட்டிய பிறகு, தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் பயமில்லாமல் படுக்கவும் ஓர் இடம் தேடிப் பார்த்தால் தெரியும். வண்டிக்கு விளம்பரம் செய்பவர்கள் மலை உச்சியில், ஏரிக்கரையில் நிற்பதாகத்தான் படம் போடுகிறார்கள். அந்தக் கழிவுத் தொட்டி எங்கே காலியாகும் என்று எந்தப் படமும் காட்டுவதில்லை. சாலையோர ஓடைதான் வழி என்று ஆகிவிட்டால், காட்டை ரசிக்கக் கிளம்பியவர்களே அதை நாறடிப்பார்கள்.

கடைசியில் வழிகாட்டுவது லாரிக்காரர்கள். கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு விடியலுக்குக் காத்திருக்கும் டிரைவர் ஒருவர், "பங்க்ல சொல்லிட்டு ஓரமாப் போட்டுக்கங்க தம்பி. காலைல டீசல் போட்டா ஒண்ணும் சொல்லமாட்டான்" என்கிறார். டாங்க் ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. ஆனாலும் ஐந்நூறு ரூபாய்க்குப் போடுகிறார்கள். அலமாரியில் மிஞ்சிய சாம்பார்பொடியில் குழம்பு கொதிக்கிறது. வாசனைக்கு வந்த லாரி டிரைவருக்கும் ஒரு தட்டு. கழிவுத் தொட்டியை அப்படியே ஊட்டி ஓட்டல் வரை சுமப்பது என்று முடிவாகிறது. குளியல் கிடையாது, வாய் கொப்பளிக்க மட்டும் தண்ணீர். ஷவரைத் திறந்துவிட்டவரே இந்தச் சட்டத்தை முன்மொழிகிறார்.

காலை ஆறுக்குக் கேட் திறக்கும்போது முன்னால் பதினைந்து இருபது லாரிகள். வரிசையின் கடைசியில், எல்லாக் கதவுக்கும் கொக்கி மாட்டிய வீடு.