சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை

சொந்த வயலை விட்டு வந்து கூலிக்கு மண்வெட்டி பிடிப்பவருக்கு இடுப்பு நோவு. டைக்குளோபெனாக் குளிசையைச் சரையில் போட்டு, 'சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அடுப்பு எரிவதே ஒரு வேளைதானே! அதை விசாரிக்காமல் மருந்து கொடுப்பது முறையல்ல என்பதே எமது எண்ணம்.

இக்குளிசையும் இபுபுரோபனும் நோவைத் தணிக்கும்போதே இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையும் மெலிவிக்கின்றன. ஆகவே சோற்றுக்குப் பின் எடுத்தாலும் ஆபத்து முற்றாக நீங்காது. வயோதிபருக்கும் முன்பு வயிற்றுப்புண் வந்தவருக்கும் இன்னும் அதிகம். இவர்கள், பரசிற்றமோல் போதாதா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். (அதுவும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.)

மலம் தார் போலக் கறுத்தால் உள்ளே இரத்தம் கசிகிறதென்று எண்ணி, குளிசையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதை எடுப்பவர்கள் அங்கே சொல்லிவிடுங்கள்.