'செல்ப்' எடுக்கவில்லை என்றால் பேட்டரிதான் குற்றவாளியா?

தாம்பரம் ரெயில் நிலையம் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் ஸ்டாண்டு. இரவு 8 மணி. சாயங்காலம் பிடித்த மழை இன்னும் தூறிக்கொண்டு இருக்கிறது. பீச்சில் இருந்து வந்த மின்சார ரெயிலில் இருந்து கூட்டம் திமுதிமு என்று இறங்குகிறது.

பாரிமுனையில் வேலை பார்க்கும் குமாஸ்தா ஒருவர் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டு 'செல்ப்' பட்டனை அமுக்குகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி அமுக்குகிறார். மறுபடியும் 'டக்'.

கிக்கரை உதைக்கலாம் என்றால் அது துருப்பிடித்து இறங்க மறுக்கிறது. வண்டி வாங்கிய நாளில் இருந்து அதை யாரும் தொட்டதே இல்லை.

"சார், ஓரமா தள்ளுங்க. வண்டி வெளியே வரணும்" என்கிறான் ஸ்டாண்டு பையன்.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்று ஒருவர் இலவச யோசனை சொல்கிறார். கியர் இல்லாத ஸ்கூட்டரை செங்கல்பட்டு வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. அந்த வண்டியில் சக்கரம் சுற்றுவது என்ஜினுக்குப் போய்ச் சேராது. இது யோசனை சொன்னவருக்கும் தெரியாது. தள்ளுகிறவருக்கும் தெரியாது.

கடைசியில் மெக்கானிக் கடை. மெக்கானிக் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்குகிறார். தீர்ப்பு வந்துவிடுகிறது.

"பேட்டரி போயிடுச்சு சார். மாத்திடலாம்."

ரூ.1,000-க்கு மேல் பணம் போகிறது. புது பேட்டரி ஏறுகிறது. வண்டி கிளம்புகிறது. குமாஸ்தாவுக்கு நிம்மதி.

இரண்டு வாரம் கழித்து அதே ஸ்டாண்டு. அதே 'டக்'.

மழைக்காலத்தில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் பல பேருக்கு இது பழகிப்போன கதைதான்.

விசாரணை இல்லாத தண்டனை

தெருவில் திருட்டு நடந்தால் முதலில் கண்ணில் படுகிறவனைப் பிடித்து உள்ளே போடுவது போல, வண்டி கிளம்பவில்லை என்றால் பழி பேட்டரி மீது விழுகிறது. பேட்டரி எப்போதும் நிரபராதி அல்ல. அதற்கும் ஆயுள் உண்டு. சில வருடம் உழைத்தால் அதுவும் சாகத்தான் செய்யும். ஆனால் விசாரித்துவிட்டு தண்டனை கொடுக்க வேண்டாமா?

பழைய பஜாஜ் சேட்டக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கிக்கரை உதைத்தால் என்ஜினோடு சேர்ந்து மேக்னெட் சுற்றும். அதில் இருந்தே பிளக்குக்கு நெருப்பு வந்துவிடும். பேட்டரி தயவு தேவை இல்லை. வண்டியைச் சாய்த்துப் பிடித்து, பிளக்கைத் துடைத்து, வீட்டுக்காரரே கிளப்பிவிடுவார். 1984-ல் கைனடிக் ஹோண்டா பட்டனோடு வந்தது. 2001-ல் ஆக்டிவா வந்தது. பட்டனை அமுக்கினால் போதும் என்று ஆனது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பழக்கமும் அதோடு போய்விட்டது.

முதலில் சத்தத்தைக் கேட்க வேண்டும்

பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லையா? பேட்டரி பக்கம் போகும் முன்பு பிரேக்கைப் பார்க்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக் லீவரைப் பிடித்தால்தான் 'செல்ப்' வேலை செய்யும். லீவர் அடியில் ஒரு சின்ன சுவிட்சு இருக்கிறது. தூசியும் தண்ணீரும் புகுந்தால் அது மக்கர் செய்யும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். சாவியைப் போட்டு லீவரைப் பிடித்தால் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொன்னால் போதும். எரியவில்லை என்றால் சுவிட்சு மீதுதான் முதல் சந்தேகம். பல்பு போயிருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பிரேக்கைப் பிடித்து அமுக்கினால் பல வண்டிகள் சமர்த்தாகக் கிளம்பிவிடும்.

புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் என்ஜின் எடுக்காது. ஸ்டாண்டு மேலே போயும் அதன் சுவிட்சில் சேறு அடைத்திருந்தால் வண்டியைப் பொறுத்தவரை ஸ்டாண்டு கீழேதான் இருக்கிறது. இதற்குப் போய் பேட்டரியை மாற்றினால் பணம் தண்டம்.

'டக்' என்று ஒரு சத்தம் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் ரிலே வேலை செய்ய முயற்சி பண்ணுகிறது என்று அர்த்தம். 'டகடக' என்று தொடர்ந்து அடித்தால் கரண்டு போதவில்லை. பேட்டரி இறங்கி இருக்கலாம். அல்லது பேட்டரி நன்றாக இருந்தும் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் கரண்டை மறித்துக்கொண்டு இருக்கலாம். ஸ்குரூ லூசாக இருந்தாலும் இதே கதிதான். டெர்மினலைக் கழற்றி, சுரண்டித் துடைத்து, இறுக்கி மாட்டினால் தீர்ந்தது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு பொறி பறக்கும்.

"ஹாரன் நல்லா அடிக்குதே, பேட்டரி எப்படிப் போகும்?" என்று சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு. ஹாரனுக்குக் கொஞ்சம் கரண்டு போதும். ஸ்டார்ட்டர் மோட்டார் அதைப்போல பல மடங்கு கேட்கும். ஹாரன் அடிப்பதை வைத்து பேட்டரிக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பற்றவில்லை என்றால் அது வேறு கேஸ். பிளக், பிளக் மூடி, காயில், பெட்ரோல் என்று தேட வேண்டும். மழையில் நனைந்த வண்டியில் பிளக் மூடிக்குள் ஈரம் இறங்கி இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

மீட்டர் பொய் சொல்லாது

ஸ்கூட்டரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டர் ஒன்று போதும். வண்டி ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். பட்டனை அமுக்கும்போது முள் 10-க்கும் கீழே சரிந்து விழுந்தால் பேட்டரி சார்ஜ் இறங்கி இருக்கிறது, அல்லது ஆயுள் முடிந்திருக்கிறது. சார்ஜ் ஏற்றி மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். பல கடைகளில் விட்டுப்போவதும் அதுதான். என்ஜின் ஓடும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் மீட்டர் 14 வோல்ட் பக்கம் ஏற வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றால் வண்டி பேட்டரிக்கு சோறு போடவில்லை என்று பொருள். ரெக்டிபையரோ, காயிலோ, நடுவில் ஒயரோ போயிருக்கிறது. அந்த வண்டியில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் கொஞ்ச நாளில் படுத்துக்கொள்ளும். நம் குமாஸ்தாவுக்கு இரண்டாவது வாரம் வந்த 'டக்' இப்படித்தான் வருகிறது.

வண்டியில் பழுதே இல்லாமலும் பேட்டரி இறங்கும். சேலையூரில் இருந்து ஸ்டேஷனுக்கு வந்து, நாள் முழுக்க ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, இரவு திரும்புகிறவருக்கு ஓட்டம் மொத்தம் சில கிலோ மீட்டர்தான். ஸ்டார்ட் பண்ணும்போது செலவான கரண்டை அந்தச் சின்ன ஓட்டத்தில் பேட்டரி முழுசாகத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். அதற்கு மேல் திருட்டு அலாரம், கலர் லைட், செல்போன் சார்ஜர் என்று ஒயர் இழுத்து வைத்தால் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி பிழைக்கும்.

பட்டனை விடாமல் அமுக்கிப் பிடிப்பதும் தப்பு. 5 வினாடிக்கு மேல் கூடாது. விட்டு, கொஞ்சம் ஆறப்போட்டு மறுபடி அமுக்க வேண்டும்.

கம்பி கட்டும் வேலை

இன்னொரு அக்கிரமமும் நடக்கிறது. பியூஸ் போனால் அதற்குப் பதில் ஒயரைப் பிரித்து செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். சிகரெட் பெட்டி ஜிகினா பேப்பரைச் சுற்றுகிறவர்களும் உண்டு. வண்டி கிளம்பும். கோளாறு அப்படியே இருக்கும். அடுத்த தடவை பியூஸ் உருகுவதற்குப் பதில் ஒயர் உருகும். சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பது கம்பி சுற்றுகிறவருக்குத் தெரியாதா? பியூஸ் விலை அற்பம். அதைக்கூட வாங்கி வைக்காத கடைக்கு வண்டியைக் கொண்டுபோகவே கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 'மிச்சாங்' புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கி எழுந்த வண்டியில் 'செல்ப்' அமுக்கவே கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளே ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழைப்பதுதான் சரி.

யார் குற்றம்?

மெக்கானிக் மீது மட்டும் பழி போட்டால் அது நியாயம் ஆகாது. மெக்கானிக் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒயரைத் தடவி, ஒரு சுவிட்சைத் துடைத்து வண்டியைக் கிளப்பினார் என்று வையுங்கள். "என்னப்பா, துடைச்சதுக்கா 150 ரூபா?" என்று கேட்கிறார் வண்டிக்காரர். அதே வண்டிக்காரர் பேட்டரி மாற்றினால் வாயைத் திறக்காமல் பணத்தை எண்ணி வைக்கிறார். கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் காசு என்றால் மெக்கானிக் எதைச் செய்வார்? சாமானைத்தான் மாற்றுவார்.

மீட்டர் வைத்துப் பார்க்க இவ்வளவு கூலி என்று கடையில் போர்டு எழுதி வைக்கட்டும். வண்டிக்காரரும் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும். பேட்டரி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நிற்கும்போது எத்தனை வோல்ட், அமுக்கும்போது எத்தனை, ஓடும்போது எத்தனை என்று மூன்று எண்ணையும் பில்லில் எழுதிக் கொடுக்கட்டும். எழுதித் தர முடியாத கடைக்காரர் பார்க்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில் இல்லாமல் வாரண்டியும் பேச முடியாது.

கழற்றிப் போட்ட பழைய பேட்டரியும் குப்பை அல்ல. உள்ளே ஈயம் இருக்கிறது, அதற்கு விலை இருக்கிறது. பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதற்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு பேட்டரி டீலர்களுக்கு விதி போட்டது. 2022-ல் அதற்குப் பதிலாகப் புது விதிகள் வந்திருக்கின்றன. மழையில் நனைந்து நிற்கும் அவசரத்தில் அந்தத் தள்ளுபடியைக் கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பழைய பேட்டரி கடை மூலையில் கிடக்கிறது. இரண்டு நாள் கழித்து காயலான் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துப் போகிறார்.