கார்டு வந்ததா, ஆள் சுகமா?

டிசம்பர் பிறந்தால் போதும். நம் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கேக்குக்கு முந்திரி, திராட்சை வாங்குவதற்கு முன்பே கார்டுக் கணக்கு ஆரம்பித்துவிடும். யாருக்கெல்லாம் போட வேண்டும், போன வருஷம் யாரிடமிருந்து வரவில்லை? இந்தப் பட்டியல் பெரும்பாலும் வீட்டு அம்மாவின் கையில்தான்.

வழக்கம் என்னவோ 1843-ல் லண்டனில் பிறந்தது. ஹென்றி கோல் என்பவருக்கு எல்லோருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லை. ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி அச்சடித்தார். படத்தில் என்ன தெரியுமா? மூன்று தலைமுறைக் குடும்பம், ஒன்றாக விருந்தில்!

நம் ஊருக்கு இது நன்றாகவே பொருந்திற்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1946-ல் சி.எம்.சி.யில் நர்ஸிங் பட்டப் படிப்பும் வந்தது. படித்த பெண்கள் எத்தனையோ தேசங்களுக்குப் போனார்கள். டிரங்கால் போட்டுப் பேசக் கட்டுப்படியாகாத அந்த நாளில், அவர்களையும் ஊரையும் சேர்த்துக் கட்டியது வருஷத்துக்கு ஒரு கார்டு. உள்ளூருக்கென்றால் உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் போடுவார்கள், செலவு குறைவு.

இப்போது செல்போனில் ஒரே படத்தை நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். வேகம் சரிதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கார்டு வராவிட்டால், "பெரியம்மாவுக்கு உடம்பு எப்படியிருக்கோ?" என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். நூறில் ஒருவர் பதில் போடாததை இன்று யார் கவனிக்கிறோம்?

ஆகவே சகோதரிகளே, இந்த வருஷம் பத்துப் பேருக்காவது கையால் எழுதுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு முதலிடம். அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே இரண்டு வரி போதும்: பேத்தி எந்த வகுப்பு, அவர்கள் முட்டிவலி எப்படி. எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். குழந்தைகளும் ஒரு கையெழுத்துப் போடட்டும்.

"ஷூ கம்பெனிக்குப் போய்விட்டு வந்து ஏதுங்க நேரம்?" என்பீர்கள். ராத்திரிக்கு இரண்டாக எழுதினால் ஐந்தே நாளில் பத்தும் முடிந்தது.

வந்த கார்டுகளை நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள். நோட்டில் பெயருக்கு நேரே டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். பொங்கலுக்குள் டிக் விழாத பெயர் ஏதாவது இருந்தால், அன்று சாயங்காலமே போன் பண்ணி விசாரித்துவிடுங்கள்.